குமிழி போகும் வழி

ருஸ்தாவியில், எஃகு ஆலைக்குப் பின்னால்
மூன்றாம் வரிசை, பதினோராம் ஷெட்.
உள்ளே லாமாராவின் வோல்கா:
நாற்பத்தைந்து வருஷத்து உடம்பு,
வயிற்றில், மோதிச் செத்த ஜப்பான் கார் ஒன்றின்
எட்டு சிலிண்டர் எஞ்சின்.
பொருத்தம் பார்த்தது நான்தான்.
பத்தில் ஆறு இருந்தது.
மிச்சத்தை வெல்டிங்கில் சேர்த்தேன்.

எஞ்சின் நீளம். ரேடியேட்டர் சாய்ந்து
கிரில்லுக்கு அடியில் பதுங்கிக்கொண்டது.
கூலன்ட் தொட்டியை
வலது சக்கர வளைவுக்குள் ஒளித்துவைத்தேன்.
"பானெட்டைத் திறந்தால்
எஞ்சின் மட்டும்தான் தெரியணும்"
என்றிருந்தாள். தெரிந்தது.
அழகில் ஒரு குறையும் இல்லை.

முதல் ஓட்டம். ஆற்றுப்பாலம் தாண்டுமுன்
முள் சிவப்பில் முட்டியது.
ஹீட்டரோ பனிக்காற்றை ஊதியது.
கொதிக்கிற எஞ்சின், குளிர்ந்த ஹீட்டர்.
இரண்டும் சேர்ந்து வந்தால்
உள்ளே எங்கோ காற்று உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் பள்ளம் பார்க்கும், காற்று மேடு பார்க்கும்.
இது தெரிந்தும்
மேட்டில் வைக்கவேண்டியதைப் பள்ளத்தில் வைத்தவன் நான்.
எஞ்சின் தலைக்குள் ஒரு கைப்பிடிக் காற்று,
கோப்பையைக் கீழே வைக்காமல்
யாரையும் எழவிடாமல் பேசிக்கொண்டே இருக்கும்
விருந்துத் தலைவனைப் போல.

"இதை மனசுக்கு உவமை சொல்லிவிடாதே மால்காஸ்.
போன குளிர்காலம் போனானே, அவன் அதைத்தான் செய்வான்.
நீ ஹோஸைப் பற்றி மட்டும் பேசு."

சரி, ஹோஸ்.
ரேடியேட்டரின் மேல்முனையிலிருந்து பென்சில் கனத்தில் ஒன்று,
எஞ்சின் உச்சியிலிருந்து அதே கனத்தில் இன்னொன்று,
இரண்டும் எங்கும் இறங்காமல்
ஏறி ஏறித் தொட்டிக்கு.
தொட்டியின் அடியிலிருந்து பம்பின் வாய்க்கு
கட்டைவிரல் கனத்தில் ஒன்று.
எக்ஸாஸ்டை நெருங்கக் கூடாது.
ஸ்டீயரிங் தண்டை உரசக் கூடாது.
மடங்கினால் மூச்சு நின்றுவிடும்.
அளந்து வெட்டியது மூன்று.
அளக்காமல் வெட்டியது ஒன்று, ஒரு சாண் குறைந்தது.
அதற்காக மழையில் லிலோ சந்தைவரை போய்வந்தேன்.

புதுத் தொட்டி பழைய ஓப்பலில் கழற்றியது,
பந்துபோல, மஞ்சளேறி.
ஃபயர்வாலில் அறைந்தேன்,
எல்லாவற்றுக்கும் மேலே.
பானெட்டை இறக்கினேன்.
மூடவில்லை.
கறுப்பு மூடி இரண்டு விரல் இடித்தது.

அந்த பானெட்டுக்கு ஏழு பூச்சு.
மூன்று மாதம் அவளே தேய்த்தது,
பால் தூக்கலாக விட்ட தேநீர் நிறம்.
வேறு வழி இருக்கிறதா என்று
நான் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.
வேறு வழி இருந்தால் அடியில் இருக்காது,
அது எனக்கும் தெரியும்.

பாதி சிகரெட்டை அணைத்தாள்.
கிரைண்டரை எடுத்தாள்.
"ஐயோ" என்றது நான்தான், அவள் இல்லை.
பொறி பறந்து, பெயின்ட் கருகி,
ஷெட்டே நாறியது.
ஓட்டைக்கு விளிம்பு கட்ட
ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் கிடைத்தது.
இப்போது மூடி வெளியே துருத்தி நிற்கிறது,
பிறந்த குழந்தையின் கொப்பூழ் மாதிரி.

முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி,
மூடி திறந்து, ஹீட்டர் முழுசாக வைத்து
இளஞ்சிவப்பு நீரை ஊற்றினோம்.
சிந்தியதை நக்க பக்கத்து ஷெட் நாய் வந்தது.
இனிக்கும், கொல்லும்.
விரட்டிவிட்டு சாக்குப் போட்டு ஒற்றினேன்.
எஞ்சின் உறுமியபடி இருந்தது.
இருவரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி,
கிணற்றில் வாளி விழுந்தவர்களைப் போல.

பதினேழாம் நிமிஷம்
தெர்மோஸ்டாட் திறந்தது.
க்ளுக்.
மட்டம் சரிந்தது. ஊற்றினாள்.
இன்னொரு குமிழி, பெரியது, சோம்பேறி.
பிறகு பொடிப்பொடியாக.
பிறகு ஒன்றுமில்லை.
லாமாரா கையை ஹீட்டர் வாயில் வைத்தாள்.
எடுக்கவே இல்லை.

ஜனவரி, கொம்போரி கணவாய்.
வெளியே மூடுபனி, முள் நடுவுக்குக் கீழே.
பல்லால் கடித்துக் கையுறையைக் கழற்றினாள்.
உள்ளே லேசாக இனிப்பு வாசம்,
ஏதோ ஒரு கிளாம்ப் வியர்க்கிறது.
எனக்கும் அடித்தது, அவளுக்கும் அடித்தது.
"தெலாவியில் பார்த்துக்கலாம்" என்று
கியரைக் குறைத்து
அடுத்த வளைவை ஏறினாள்.
ஸ்க்ரூடிரைவர் என் மடியில்தான் இருந்தது.